தலைப்பிறைக்கு ஓர் அறை

1992ஆம் ஆண்டு ரமழான் தலைப்பிறை அன்று, பொழுது சாயும் மஃரிபுத் தொழுகைக்குக் கொஞ்சம் முந்தி, கல்முனைக்குடியில் ஸுஹைறாவின் வீட்டுக்கு ஓர் அறை முளைத்தது. பத்தடிக்குப் பத்தடி. ஒரு கதவு, ஒரு ஜன்னல், சுவருக்கு வெள்ளை அடித்து முடிந்திருந்தது. ஊரில் பாதிப்பேர் வயற்பக்கம் போய் மேற்கு வானத்தில் பிறை தேடிக்கொண்டிருந்த நேரம் என்பதால், அது முளைத்ததைக் கண்ணால் கண்டவர் எவருமில்லை. ஸுஹைறா குசினியில் கஞ்சிக்கு அரிசி கழுவி வைத்துவிட்டுத் திரும்பி வந்தபோது, படுக்கை அறையில் அலுமாரி நின்ற இடத்தில் கதவு இருந்தது; அலுமாரி நாலடி தள்ளி நேராக நின்றது, உள்ளே ஒரு கோப்பைகூட உடையவில்லை. செய்தி கேட்டு வந்த அயலவர்கள் முதலில் கேட்டது அறை எப்படி வந்தது என்றல்ல, சீமெந்து எங்கே எடுத்தீர்கள் என்றுதான். சண்டை நடந்த அந்த வருஷங்களில் ஒரு பேக் சீமெந்துக்கு அனுமதிக் கடிதம் வாங்கி, அந்தக் கடிதத்தைச் சோதனைச்சாவடிகளில் காட்டிக் காட்டி வீடு வந்து சேர்வதற்குள் மனிதனுக்குப் போதும் போதுமென்றாகிவிடும். ஆகவே கேள்வியில் பிழை சொல்ல ஏலாது.

வீடு ஸுஹைறாவின் வாப்பா ஜவுபர் கட்டியது. எங்கள் கிழக்கிலங்கைக் கரையோரத்தில் பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதில்லை; மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். அதனால் பெண்பிள்ளையைப் பெற்றவன் அவளுக்கு ஒரு வீட்டையும் கட்டித்தான் ஆகவேண்டும். வீடு இல்லாத குமருக்கு மாப்பிள்ளை பேசி ஒருவரும் கடப்படிக்கு வரமாட்டார்கள். ஜவுபர் நெல் மில்லில் மூட்டை இறக்கி, ஒன்பது வருஷத்தில் ஒரு ஹோல், ஓர் அறை, ஒரு குசினி கட்டி முடித்தார். 1991இல் கல்யாணம் முடிந்த மறுநாளே அவரும் மனைவி சபியா உம்மாவும் பாயைச் சுருட்டிக்கொண்டு, அதே வளவின் மூலையில் இருந்த ஓலைக் கொட்டிலுக்குப் போய்விட்டார்கள். அது வழக்கம். அதற்காக ஒருவரும் மூக்கைச் சிந்துவதில்லை.

மாப்பிள்ளை பளீல் ஒலுவில் ஆள். நாவிதன்வெளிப் பக்கம் ஒரு கந்தோரில் தற்காலிகக் கிளாக்கர். ஸுஹைறா நற்பிட்டிமுனையில் கணக்குப் படிப்பிக்கும் டீச்சர், வயது இருபத்தொன்று. இரண்டு பேரும் படித்தவர்கள், எதையும் கதைத்து முடிவெடுப்பவர்கள். கல்யாணமாகி மூன்றாம் மாதமே கதைத்து முடிவெடுத்துவிட்டார்கள்: பிள்ளை இப்போது வேண்டாம். முதலில் சொன்னது ஸுஹைறாதான். "ஒரு அறைதானே இரிக்கி. புள்ளய எங்க கிடத்துற?" பளீலின் முகம் மலர்ந்துவிட்டது. "அதத்தான் நானும் சொல்ல இருந்த" என்றான். எதிர்வீட்டு முனீறாவுக்கு இது காதில் விழுந்து, வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். முனீறாவும் ஸுஹைறாவும் ஒரே வகுப்பில் இருந்தவர்கள். முனீறாவுக்குப் பதினெட்டில் கல்யாணம், பத்தொன்பதில் மூத்தவள், இப்போது இடுப்பில் ஒன்று, வயிற்றில் ஒன்று. "புள்ளைக்கி அறை என்னத்துக்கு கா? மடி போதும்" என்றாள். ஸுஹைறாவுக்கு அது படிக்காதவள் கதையாகப் பட்டது. அந்த வருஷத் தலைப்பிறைக்குத்தான் கேட்ட அறை கேட்டபடியே வந்து நின்றது.

அறை வந்துவிட்டது, இனி என்ன என்று சபியா உம்மா வாயைத் திறந்து கேட்டும்விட்டார். ஆனால் அதற்குள் பளீல் வேறொன்று சொல்லியிருந்தான்: வேலை நிரந்தரமாகட்டும். ஸுஹைறாவும் ஓம் என்றாள். அடுத்த தலைப்பிறைக்கு முதலாவது அறைக்குப் பின்னால் இரண்டாவது முளைத்தது. சுவரோடு சேர்த்துக் கொங்கிறீட்டில் ஒரு மேசை, கந்தோர் மேசையின் அளவில். மூன்றாவது வருஷம் ஸுஹைறாவுக்குப் பயிற்சிக் கலாசாலை கிடைத்தது. இரண்டு வருஷப் படிப்பு, வயிற்றையும் தள்ளிக்கொண்டு போக ஏலுமா? அந்தத் தலைப்பிறைக்கு வந்த அறையில் எந்நேரமும் வெண்கட்டித் தூள் உதிர்ந்தது, போய் வந்தால் தலை வெளுக்கும். நாலாவது வருஷம் இரண்டு பேரும் ஒரே குரலில் நாடு ஒரு நிலைக்கு வரட்டும் என்றார்கள். வயலுக்குப் போனவர்கள் வீடு திரும்பாத வருஷங்கள் அவை, யாரும் அந்தக் காரணத்தைக் குறை சொல்லவில்லை. அந்த அறைக்கு ஜன்னலே இல்லை, சுவர் ஒரு முழக் கனம். இத்தனைக்கும் வளவு அதே ஏழு பேர்ச் நிலம்தான். பின்வேலி ஓரடியும் நகரவில்லை, முருங்கை நின்ற இடத்தில் நின்றது. கிராமசேவகர் ஒருநாள் நாடா பிடித்து அளந்து பார்த்து, நாடாவில் பிழை என்று எழுதிக்கொண்டு போனார்.

ஊர் பழகிக்கொண்டது. பெண்பிள்ளைகளைப் பெற்றவர்கள் மட்டும் வந்து வந்து சுவரைத் தட்டிப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்கள். பின்னொழுங்கையில் இருந்த காலிதீனுக்கு மூன்று குமர்கள். அவர் ஒவ்வொரு தலைப்பிறைக்கும் மஃரிபு தொழுததும் வீட்டுக்கு ஓடிவந்து தன் சுவர்களைத் தடவிப் பார்ப்பார். ஒன்றுமிராது. ஜவுபர் 95இல் அந்த ஓலைக் கொட்டிலிலேயே மௌத்தானார். நாலு அறை வெறுமையாகக் கிடக்கிறது, வந்து படுங்கள் வாப்பா என்று ஸுஹைறா எவ்வளவோ கெஞ்சினாள். மகளின் வீட்டில் மருமகனுக்கு இடைஞ்சலாகப் படுத்துக்கிடந்தான் என்ற பெயர் தனக்கு வேண்டாம் என்று அவர் மறுத்துவிட்டார்.

வாப்பா போன பிறகுதான் ஸுஹைறாவுக்கு வீட்டின் வெறுமை உறைத்தது. ஒருநாள் முனீறாவின் மூத்தவள் விழுந்த முதல் பல்லை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வந்து, டீச்சர், இதை எந்தப் பக்கம் எறிய என்று கேட்டாள். ஸுஹைறா கூரைப் பக்கம் எறியச் சொன்னாள். அன்று மாலை பளீல் சைக்கிளை விட்டு இறங்கு முன்பே, "எனக்குப் புள்ள வேணும்" என்றாள். அவளுக்கு இருபத்தைந்து ஆகியிருந்தது. பயிற்சி முடிந்திருந்தது, அவனுக்கு வேலையும் நிரந்தரமாகியிருந்தது. பளீல் சைக்கிளைச் சாத்திவிட்டு, சொல்லக் காரணம் ஏதும் கிடைக்காமல் குனிந்து செயினைப் பார்த்தான். "ஓம், வேணும்தான். பாப்பம்" என்றான். அந்தத் தலைப்பிறைக்கு ஐந்தாவது அறை வந்தது, அதில் ஓர் அடுப்படியும் இருந்தது. அடுத்த வருஷமும் அவள் கேட்டாள், அவன் பாப்பம் என்றான். 97 தை மாதத்தில் ஆறாவது அறை வந்தது.

அதற்குள் பளீல் பைல்களைச் சாக்குக் காட்டி இரண்டாவது அறையின் மேசைக்குப் பக்கத்தில் கட்டிலைப் போட்டுக்கொண்டான். ஸுஹைறா பழைய அறையில். நடுவில் ஓர் அறைதான் கிடந்தது, ஆனால் குரல் போய்வர நேரம் எடுத்தது. காலையில் அவன் கேட்டதற்கு அவள் சொன்ன பதில் அவனுக்கு மாலையில்தான் கேட்கும். தேத்தண்ணி வேண்டுமா என்ற கேள்விக்கு ஓம் என்று பதில் வரும்போது கேத்தல் கழுவிக் கவிழ்த்தாகிவிடும். சண்டை பிடிக்கவும் வழியில்லை. அவள் திங்கட்கிழமை சொன்ன சுடுசொல்லுக்கு அவன் செவ்வாய்க்கிழமை முகம் சுருங்குவான், அப்போது அவளுக்குக் கோபம் ஆறிப்போயிருக்கும். அவள் வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும், தனிமை அவளைத் தின்றுகொண்டிருந்தது.

ஹோலில் நிலம் வெடித்ததைப் பூசுவதற்காக அந்த வருஷம் பாண்டிருப்பிலிருந்து குணம் மேசன் வந்தார். ஜவுபரோடு நின்று அந்த வீட்டைக் கட்டியவரே அவர்தான். பாண்டிருப்பு நடந்து போகும் தூரம். ஆனால் தொண்ணூறில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையில் வெட்டுக்குத்து நடந்த பிறகு அவர் இந்தப் பக்கம் வர ஏழு வருஷம் சென்றது. முளைத்த அறைகளைப் பார்த்து அவர் பெரிதாக அதிசயப்படவில்லை. மட்டப்பலகை வைத்துப் பார்த்தார், மூலைகளை விரலால் தடவினார், கைவேலை சுத்தம் என்றார். பிறகு பின்னொழுங்கைக்குச் சுற்றிப் போனவர் அங்கிருந்து கூப்பிட்டார். "தங்கச்சி, இஞ்சால வாங்க. முன்னால நிண்டு பாத்தா இது விளங்காது."

ஸுஹைறா வேலிக் கடப்பால் இறங்கிச் சுற்றிப் போனாள். இவ்வளவு காலமும் அவள் அறைக்குள் அறையாக முன்பக்கமிருந்தே போய் வந்திருக்கிறாள், ஒருநாளாவது ஒழுங்கையில் நின்று பார்த்ததில்லை. ஆறாவது அறைக்கு ஒழுங்கைப் பக்கம் ஓர் இரட்டைக் கதவும், அதற்கு முன்னால் இரண்டு படியும் இருந்தன. அங்கிருந்து பார்த்தால் அது ஹோல். அடுத்தது குசினி. அதன் பின்னால் மூன்று அறைகளும் ஒரு சாமான் அறையும். "இது உங்கட வீட்டுக்கு வந்த அறையள் இல்ல. இது தனி வீடு" என்றார் குணம். "ரெட்டைக் கதவு நாங்க சும்மா வைக்கிறல்ல. மாப்பிள்ள வாற வீட்டுக்குத்தான் வைக்கிற. ஆரோ ஒரு பொம்புளப் புள்ளைக்கிக் கட்டின வீடு தங்கச்சி இது."

ஸுஹைறா படியில் இருந்துவிட்டாள். பளீலின் வாப்பாவுக்கு நாலு பெண்பிள்ளைகள்; ஒலுவிலில் நாலு வீடு கட்டி முடித்து, நாலாவது வீட்டுக்கு ஓடு போட்ட கிழமையே மௌத்தானவர். கல்யாணப் பேச்சின்போது இதைப் பெருமையாகச் சொன்னார்கள், அவளும் பெருமையாகத்தான் கேட்டாள். இப்போது விளங்கியது. பெண்பிள்ளை பிறந்தால் அன்றைக்கே அத்திவாரம் வெட்டத் தொடங்கவேண்டும், மூச்சு நிற்கும் வரை நிறுத்த ஏலாது என்ற பயத்தை பளீல் ஆறு வருஷமாக ஒவ்வொரு பெயராகச் சொல்லி மறைத்திருக்கிறான். அவன் பயந்த வீட்டை வீடே கட்டிக்கொடுத்துவிட்டது. அவளுக்கு நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது. இனி அவனுக்குச் சொல்ல ஒன்றுமில்லை என்று நம்பினாள், பாவம்.

அஸர் தொழுகை நேரத்துக்குப் பளீல் வந்ததும் அவனுடைய கையைப் பிடித்துக்கொண்டு ஒழுங்கைக்குக் கூட்டிப் போனாள். கை பிடித்து எத்தனையோ மாதம். "பாருங்க. வீடு கட்டி முடிஞ்சிட்டு. பொம்புளப் புள்ள பிறந்தாலும் நீங்க ஒரு கல்லும் தூக்கத் தேவல்ல." பளீல் படியேறினான். கதவைத் தள்ளிப் பார்த்தான், ஹோலை, குசினியை, அறைகளைச் சுற்றி வந்தான். முகம் தெளிந்தது, அவன் சிரித்ததைக்கூட அவள் கண்டாள். பிறகு அந்தச் சிரிப்பு மெல்லமெல்ல வற்றியது. "ரெண்டாவதும் பொம்புளப் புள்ளயாப் பிறந்தா?" என்று கேட்டான்.

இந்தக் கேள்வியைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பவர்கள் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். ஸுஹைறாவுக்குச் சிரிப்பு வரவில்லை. "முதலாவத இன்னும் தரல்ல நீங்க. அதுக்குள்ள ரெண்டாவதுக்குப் பயப்படுறீங்க" என்றாள். அவனை ஒழுங்கையில் விட்டுவிட்டு உள்ளே போய் இரட்டைக் கதவைச் சாத்தினாள். குசினியிலிருந்து பழைய வீட்டுப் பக்கம் போகும் கதவுக்கும் தாழ்ப்பாள் போட்டாள். மறுநாள் காலையில் ஒழுங்கைக்கு மறுபக்கம், காலிதீனின் வளவில், மூன்றடி ஆழத்துக்கு ஓர் அத்திவாரக் குழி தானாக வெட்டுண்டு கிடந்தது. சத்தம் போட வந்த அயலவர்களைக் காலிதீன் கையெடுத்துத் தடுத்தார். "வாறதெண்டா வரட்டும் விடுங்க. எனக்கு மூணு குமர் இரிக்கி" என்றார். ஆனால் குழி அதற்கு மேல் வளரவில்லை.

எங்கள் பக்கத்து ஆணுக்குச் சொந்தமாக வீடு கிடையாது. உம்மாவின் வீடு சகோதரிக்குப் போய்விடும், மற்றது மனைவியின் வீடு. பளீல் ஒலுவிலுக்குப் போனான். அவனுடைய வாப்பா கட்டிய வீட்டில் மூன்று நாள் கோழிக்கறியும் நெய்ச்சோறும் போட்டு விருந்தாளியாகக் கவனித்தார்கள். நாலாம் நாள் எப்போது போகிறீர்கள் என்று கேட்காமல் கேட்டார்கள். திரும்பி வந்து முன்கதவால் நுழைந்தான். சபியா உம்மா சோற்றுக் கோப்பையை வைத்துவிட்டுக் கொட்டிலுக்குப் போனார்.

மனைவியிடம் போவதற்கு நாலு அறையைக் கடக்கவேண்டும். முதலாவது அறைக்குள் போனான், அடுத்த கதவு திறக்கவில்லை. தோளால் இடித்தான், எண்ணெய் விட்டான், குணம் மேசனைக் கூட்டி வந்து காட்டினான். கதவில் பிழை இல்லை தம்பி என்று அவர் போய்விட்டார். நாலைந்து நாள் அங்கேயே பாய் போட்டுக் கிடந்தவன், ஒரு லுஹர் தொழுகைக்குப் பிறகு தனக்குத்தானே, "அறை போதாதெண்டு அவள் சொல்லக்குள்ள எனக்கு ஆறுதலாத்தான் இருந்த" என்று முணுமுணுத்தான். கதவு திறந்துகொண்டது. அதற்குப் பிறகு வழி விளங்கிவிட்டது. இரண்டாவது அறையில், வேலை நிரந்தரமான கடிதத்தை மூன்று மாதம் சட்டைப்பையில் ஒளித்து வைத்திருந்ததைச் சொன்னான். மூன்றாவது அறையில் தலையெல்லாம் வெளுக்க ஒரு மாதம் இருந்துதான், அவளுடைய படிப்பைத் தான் குடையாகப் பிடித்ததை ஒத்துக்கொண்டான். நாலாவது அறையில் ஒரு வருஷத்துக்கு மேல் சென்றது. நாடு சரியில்லை என்ற காரணம் உண்மையான காரணம், அதைப் பொய்யென்று சொல்லிவிட்டுத் தப்ப ஏலாது. காலையில் முன்கதவால் கந்தோருக்குப் போவான், மாலையில் வந்து அந்த இருட்டில் படுப்பான்.

கதவுக்கு மறுபக்கம் ஸுஹைறா சமைத்தாள், கொப்பி திருத்தினாள், ஒழுங்கைப் பக்கத்தால் பள்ளிக்கூடம் போய் வந்தாள். அவனுடைய இருமல் இப்போது உடனுக்குடன் கேட்டது. சில வேளை இருவரும் கல்முனைச் சந்தையில் மீன் வாங்க நின்று எதிர்ப்படுவார்கள், ஸலாம் சொல்லிக்கொள்வார்கள், ஆளுக்கொரு ஒழுங்கையால் வீடு திரும்புவார்கள். முனீறா ஒருநாள் ஐந்தாவது பிள்ளையையும் தூக்கிக்கொண்டு வந்தவள், ஹோலின் குளிர்ந்த நிலத்தில் அப்படியே கண்ணயர்ந்துவிட்டாள். எழும்பிச் சுற்றிப் பார்த்தாள். "உனக்கு இரிக்கிற இடத்தப் பாக்க எனக்குப் பொறாமையா இரிக்கி கா. எனக்குப் படிக்கவும் ஆசை இருந்த" என்றாள். ஸுஹைறா மடியில் கிடந்த பிள்ளையின் காலைப் பிடித்துக்கொண்டு, "மாத்திக்குவமா?" என்றாள். இரண்டு பேரும் சிரிக்கவில்லை. முனீறா போன பிறகு ஸுஹைறா குசினியில் நின்று அழுதாள். அவளுக்கு இருபத்தெட்டாகப் போகிறது, அவளோடு படித்தவர்களில் பிள்ளை இல்லாதவள் அவள் ஒருத்திதான்.

இரண்டு தலைப்பிறை வந்து போயின. தள்ளிப்போட வாயெடுத்தவர் எவருமில்லை என்பதால் அறை எதுவும் முளைக்கவில்லை. 99 தை மாதம், பெருநாள் கழிந்த மூன்றாம் நாள், பளீல் அந்தக் கனத்த சுவரைப் பார்த்து, "நாடு இப்போதைக்குச் சரிவராது. அதுக்காகப் புள்ளயள் பிறக்காம இருக்கயும் இல்ல" என்றான். நாலாவது அறையின் மேற்குச் சுவரில் ஒரு ஜன்னல் திறந்து வெயில் உள்ளே விழுந்தது. ஆனால் கதவு அசையவில்லை. மற்றக் கதவுகள் வீட்டுடையவை. இது ஸுஹைறா தன் கையால் தாழ்ப்பாள் போட்டது.

அவள் மறுபக்கம் நிற்பது அவனுக்குத் தெரிந்தது. "ஸுஹைறா" என்றான். "என்ட வாப்பா நாலு வீடு கட்டினாரு. ஒண்டுலயும் அவரு நிம்மதியாப் படுத்து நான் காணல்ல. ஒவ்வொரு வீடும் முடிய, அவரு பாயத் தூக்கிக்கிட்டு அடுத்த வளவுக்குப் போவாரு. கடைசியா மௌத்தாகக்குள்ள அவர்ர கையில சுண்ணாம்பு. நாந்தான் கழுவின." நெற்றியைக் கதவில் வைத்தான். "எனக்குப் பயமா இரிக்கி புள்ள. வேற ஒண்டும் இல்ல. பயம்."

ஸுஹைறா தாழ்ப்பாளை நீக்கினாள். அவன் தாடியெல்லாம் நரைத்து, கண் கூசிக்கொண்டு நின்றான். "எனக்கும் பயம்தான்" என்றாள். "பயந்துக்கிட்டே பெத்துக்குவம். வாங்க, சோறு ஆறுது."

அந்த வருஷம் ஐப்பசியில் அவளுக்குப் பிரசவமானது. பளீல் பிள்ளையைக் கையில் வாங்கி, துணியை விலக்கிப் பார்த்து, மனைவியிடம் சொன்னான்: ஆண்பிள்ளை. நாளைக்கு எவளோ ஒருத்தியின் வாப்பா கட்டி வைக்கும் வீட்டுக்குப் போய்ச் சேரப்போகிற பிள்ளை. கட்டிலில் கிடந்த ஸுஹைறா அதைக் கேட்டுச் சிரிக்கத் தொடங்கினாள், தாதி ஓடிவரும் வரைக்கும் சிரித்தாள், பிறகு அந்த ஏழு வருஷத்துக்காகவும் அழுதாள். ஏன் அழுகிறாய் என்று பளீல் கேட்கவில்லை. பிள்ளையின் வலது காதில் பாங்கு சொன்னான்.

மார்கழியில் நோன்பு வந்தது. தலைப்பிறை அன்று காலிதீன் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் முளைக்கவில்லை என்று கண்டு, மனமில்லாமல் திரும்பிப் போனார். அவருடைய வளவிலிருந்த குழியை அவரே மண் போட்டு மூடி, மேலே வெண்டி நட்டுவிட்டார். பின்வீட்டுக்கு நகரசபை ஓர் இலக்கம் கொடுத்திருக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் பளீல் ஜும்ஆவுக்குப் போன பிறகு, ஸுஹைறா மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு அங்கே போய்க் கூட்டுவாள். இரட்டைக் கதவைத் திறந்து வைத்துவிட்டு, பள்ளிவாசல் கலையும் வரைக்கும் படியில் இருப்பாள். ஒழுங்கையால் போகிறவர்கள், மகள் எங்கே புள்ள என்று பகிடிக்குக் கேட்பார்கள். இன்னும் வரவில்லை என்று அவளும் சொல்வாள்.